மழையை மட்டும் நம்பிய மரம்

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஆகஸ்ட் வெயில் நிற்கவிடாமல் துரத்துகிறது. தலைக்கு மேலே மெட்ரோ இரைந்து போகிறது. ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை வாசலில், பெரிய தொட்டியில் ஓர் இளம் மரம். பக்கத்தில் பிரெஞ்சில் அறிவிப்பு: இது ஒரு கலைப்படைப்பு, கோடை முழுவதும் இந்த மரம் மழையை மட்டுமே நம்பியிருக்கும், யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

வாரக்கணக்கில் மழையே இல்லை. ஆனால் மண் ஈரமாக இருக்கிறது. குனிந்து பார்த்தால் அதில் சில அரிசிமணிகள்.

கடைக்கார அக்கா என்னைக் கவனித்துவிடுகிறார்.

"அரிசி கழுவின தண்ணிதான், தம்பி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"போர்டைப் படிக்கலையா அக்கா?"

"ஓம், வாசிச்சனான். அந்த ஆர்ட்டிஸ்ட் பிள்ளை கிழமைக்கொருக்கா வந்து படம் எடுக்கும். மழையில்லாமலே மரம் தாக்குப்பிடிக்குது எண்டு அதுக்குச் சரியான சந்தோசம். நான் என்னெண்டு சொல்லுறது?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள், எந்த வெயிலையும் மரங்கள் சமாளித்துக்கொள்ளும் என்றல்லவா நம்பிவிடுவார்கள்? சொல்ல வாயெடுக்கிறேன்.

அக்கா ஷட்டரை இழுக்கிறார். "நாளையிலையிருந்து வகான்ஸ் லீவு. கடை பூட்டு."

அவர் பார்வை என் கையிலுள்ள தண்ணீர் பாட்டிலில் நிற்கிறது. தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, நான் மூடியைத் திருகுகிறேன்.