ஒட்டகம் பிரித்த கோடை

வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் பட்டாளத்துக்காரர்களுக்கு உடுப்புத் தைப்பதுதான் வாப்பாவின் பிழைப்பு. கடையில் எனக்கிருந்த உத்தியோகம், கீழே சிந்திய ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்குவது. எட்டு வயதில் அதற்கே நான் தளபதி மாதிரி அலட்டிக்கொள்வேன்.

வாடிக்கைக்காரர்களில் பலூச்சி பாய் ஒருவர், டாங்கி ஓட்டுபவர். ஆனால் அவர் படையின் தோள்சின்னத்தில் ஒட்டகம்தான் இருக்கும். ஏன் என்று கேட்டேன். ஆதியில் அந்தப் படை ஒட்டகத்தில்தான் எல்லையைச் சுற்றியதாம். பிறகு கவச வண்டி வந்ததாம், அப்புறம் டாங்கியாம். ஒட்டகத்தைச் சின்னத்திலிருந்து இறக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லையாம். பழைய சண்டையொன்றில் செத்தவர்களுக்காகச் சிவப்பு விளிம்பு சேர்த்தார்கள் என்றும் உருதுவில் சொன்னார். இதில் எவ்வளவு அளப்போ தெரியாது, நான் அப்படியே நம்பினேன்.

பக்கத்து நாட்டில் சண்டை மூண்ட கோடை விடுமுறையில், அந்தப் படையின் சட்டைகள் மூட்டை மூட்டையாகக் கடைக்கு வந்தன. எல்லாவற்றிலும் சின்னத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமாம். பாவம், ஏதோ தப்புச் செய்து தண்டனை வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"ஏன் வாப்பா ஒட்டகத்தைப் பிச்சு எடுக்குறீங்க?"

"எந்தப் படை வருதுன்னு எதிரிக்குத் தெரியக் கூடாதுல்ல. பேசாம நூலைப் பொறுக்கு புள்ள."

கண்ணாமூச்சி விளையாட்டுத்தானே என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது.

அன்று மாலை பாய் தன் சட்டையோடு வந்தார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். டாங்கியோடு எரிந்துபோனார் என்று நான் பெரியவளான பிறகே வாப்பா சொன்னார்.

அன்று சின்னத்தைப் பிரித்ததும், ரத்தப் பிரிவு எழுதிய துணிப்பட்டையை நெஞ்சுப் பக்கம் வைத்துத் தைக்கச் சொன்னார் பாய். வாப்பா அதற்கு ஒன்றுக்கு இரண்டாகத் தையல் ஓட்டினார்.

"இது எதுக்கு பாய்?" என்றேன்.

டாக்டர் கேட்கும்போது சொல்ல மறந்துவிடுவேன், அதனால் சட்டையே சொல்லட்டும் என்றார்.

இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இதுகூடவா மறக்கும்! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கெல்லாம் மறக்கவே மறக்காது என்று பீற்றிக்கொண்டேன். பாயும் சிரித்தார்.

வாப்பா மெஷினை நிறுத்தினார்.

"புள்ள, பாய்க்கு ஸலாம் சொல்லு."

சிரிப்பை அடக்க முடியாமலே சொன்னேன்.