இரண்டு முள் வைத்த ரெகுலேட்டர்

காரைக்காலில் பார் நடத்தும் என் அக்கா மகன் புதிதாகக் குழாயில் பிடித்துக் கொடுக்கும் பீர் வைக்கப் போகிறானாம். பீப்பாயிலிருந்து பீரைத் தள்ளிவிட காஸ் சிலிண்டர் வேண்டும். சிலிண்டரின் வாயில் ரெகுலேட்டர் வேண்டும். போன வாரம் வந்து, போனில் மூன்று படங்களைக் காட்டி, எதை வாங்கலாம் என்று கேட்டான். நான் பதிலுக்குப் பதினோரு கேள்விகள் கேட்டேன். நான்காவதிலேயே அவனுக்கு அலுத்துவிட்டது.

“மாமா, கடைக்காரர் ஒரு டயல் போதும்ங்கிறார். பீர்தானே ஊத்தப் போறோம், ராக்கெட்டா விடப் போறோம்?”

“ரெண்டு முள் வச்சதை வாங்கு. இல்லேன்னா என்கிட்ட கேக்காதே.”

“உங்களுக்கு எதுலதான் மாமா பயம் இல்ல?”

எனக்கு எல்லாவற்றிலும் பயம்தான். வெளியே கிளம்பினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பேருந்தில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன். இதற்காக என்னைக் கேலி செய்யாதவர் வீட்டில் இல்லை. செய்யட்டும். ரெகுலேட்டர் விஷயத்தில் நான் பயந்தது சரி. அதற்குச் சாட்சியாக இருந்த அவனுடைய அம்மா இப்போது இல்லை. ஆகவே நானே எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குப் பக்கம். அறுபத்தேழாம் வருஷம், கோட்டையில் ஆட்சி மாறியிருந்த புதிது. சுவரெல்லாம் புது எழுத்து, வயலில் பழைய சண்டை. கூலி நெல் அளக்கும் மரக்கால் சிறியது என்று அக்கா களத்தில் வைத்தே சொன்னாள். வேறொரு மரக்காலால் அளந்து பார்த்து அவளுக்குச் சொன்னவன் நான். எங்கள் தெருவில் பத்தாவது முடித்தவன் அப்போது நான் ஒருவன்தான். அந்தச் சம்பாவிலிருந்து அவளுக்குப் பண்ணையில் நடவு வேலை கிடையாது என்றார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்த மற்றவர்களுக்கும் கிடையாது. வெளியூரிலிருந்து ஆள் இறக்கி நட்டார்கள். நாங்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஊரில் ஒரே ஒரு சோடாக் கடை. பண்ணையின் ஆட்களையும் வரவு செலவையும் பார்த்துக்கொண்ட காரியக்காரருடைய மச்சான் அதை நடத்தினான். கோலி சோடாவை யாரும் டம்ளரில் ஊற்றிக் குடிப்பதில்லை. கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளி, பாட்டிலில் வாயை வைத்துத்தான் குடிப்பார்கள். குடித்த பாட்டில் கழுவி நிரம்பி அடுத்து யார் வாய்க்குப் போகும் என்று சொல்ல முடியாது. எங்கள் வாய் பட்டது சாதிக்காரர்களின் பெரிய தெருவுக்குப் போய்விடக் கூடாதே என்று, எங்கள் தெருவுக்கென்று அந்தக் கடையில் தனிப் பாட்டில்கள் இருந்தன. கழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டில் ஒரு வளையம். மொத்தம் பதினெட்டு. திருவிழா நாளில் அந்தப் பதினெட்டும் வெளியே போயிருந்தால், எங்களுக்குத் தாகம் எடுக்கக் கூடாது.

அக்கா ஒருநாள் சொன்னாள்: “நாம சோடா போடுவோம்டா. நம்ம பாட்டில்ல வளையம் கிடையாது.”

நாகூரில் ஒரு குடும்பம் மொத்தமாகக் கிளம்பிப் போனபோது அவர்களுடைய சோடா மிஷின் எங்களுக்குக் கிடைத்தது. ஆறு பாட்டில் பிடிக்கும் இரும்புப் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் பாட்டில்கள் தலைகீழாகும், காஸ் ஏறும், கோலி கழுத்து ரப்பரில் போய் உட்கார்ந்துகொள்ளும். கூடவே பன்னிரண்டு டஜன் பாட்டில்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து விரிசல் விட்ட மூன்றை ஒதுக்கினேன். மீதி நூற்று நாற்பத்தொன்று. ரெகுலேட்டர் மட்டும் இல்லை.

அதை வாங்க நாகப்பட்டினம் போனோம். துறைமுகத்துப் பக்கம் ஒரு பாய், வெல்டிங் பட்டறைகளுக்கும் சோடாக் கடைகளுக்கும் வேண்டிய காஸ் சாமான்கள் விற்றார். மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பழையது, ஒரே டயல். இன்னொன்று கனமான பித்தளை உடம்பு, இரண்டு டயல், பக்கவாட்டில் ஒரு சின்ன வால்வு.

“ஒரு டயல் போதும் தம்பி. சிலிண்டர்ல காஸ் இருக்கா இல்லையான்னு காட்டும். வேற என்ன வேணும்?”

“பாட்டிலுக்குள்ள எவ்வளவு போகுதுன்னு எது பாய் காட்டும்?”

“காது காட்டும். சத்தத்தை வச்சே சொல்லிடலாம்.”

“காஸை வேகமா இழுத்தா வாய் உறைஞ்சு அடைச்சுக்கும். அடைச்சது திடீர்னு விட்டா?”

அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். “ஏம்மா, இவர் சோடா போடப் போறாரா, பரீட்சை எழுதப் போறாரா?”

“ரெண்டும்தான் பாய். அவன் கேட்டு முடிக்கட்டும்.”

“உங்க ஊர்லேருந்து ஒருத்தர் இந்த ஒரு டயலைத்தான் வாங்கிட்டுப் போனார். நல்லாதானே ஓடுது?”

அந்த ஒருத்தர் யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. “அவர் கடையில பாட்டில் வெடிச்சா பாட்டில்தான் பாய் வெடிக்கும். எங்க கடையில வெடிச்சா எங்க தெருவே வெடிச்ச மாதிரி பேசுவாங்க. ரெண்டு முள் வச்சதைக் கொடுங்க.”

பாய் இரண்டு டயல் வைத்ததை என் முன்னால் தள்ளி வைத்தார். பக்கவாட்டில் இருந்த வால்வைத் தட்டிக் காட்டினார். அழுத்தம் மீறினால் அது வழியாகக் காஸ் வெளியே போய்விடும் என்றார். அது வேலை செய்கிறதா என்று அங்கேயே ஒரு சிலிண்டரில் மாட்டிக் காட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே காட்டினார். உஸ்ஸென்று அது விட்ட பிறகுதான் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினேன்.

கடை திறந்த மூன்றாம் நாள் காரியக்காரர் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே பேசினார்.

“ஒரு டப்பா பெயிண்ட் அனுப்பறேன் புள்ள. உங்க தெருவுக்குப் பாதிப் பாட்டில், பெரிய தெருவுக்குப் பாதின்னு பிரிச்சு வை. நானே ஆள் அனுப்பி வாங்கச் சொல்றேன்.”

“பெயிண்ட் வேணாங்க. வீட்டுக்கு வெள்ளையே அடிக்கல, பாட்டிலுக்கு எதுக்குச் சிவப்பு?”

“திமிரா? பெரிய தெருவுல ஒரு பாட்டில் போவாது, பாத்துக்க. ஒண்ணு வெடிச்சுது, கடையவே தூக்கிடுவேன்.”

அவர் சொன்னபடிதான் நடந்தது. பெரிய தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. எங்கள் சோடாவில் காஸே இல்லை, வாய்க்கால் தண்ணீர்தான் என்று பேச்சு கிளம்பியது. இரண்டாவது முள்ளைக் கொஞ்சம் ஏற்றி வை, மூக்கில் ஏறுகிற மாதிரி இருந்தால்தான் வாங்குவார்கள் என்று எங்கள் தெருக்காரர்களே சொன்னார்கள். நான் ஏற்றவில்லை. பாட்டில் எவ்வளவு தாங்குமோ அந்த இடத்தில் டயல் கண்ணாடிமேல் ஒரு கோடு கிழித்திருந்தேன். முள் அதைத் தாண்டக் கூடாது. அக்கா ஒருத்திதான் என் பக்கம். அவளும் சந்தோஷமாக இல்லை. வளையம் இல்லாத பாட்டில்கள் எங்கள் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், வளையம் போட்டதற்கும் போடாததற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள்.

சித்திரையில் தீமிதித் திருவிழா வந்தது. மத்தியான வெயிலில் கடைத்தெரு கொள்ளாத கூட்டம். எதிர்ச் சாரியில் மச்சான் கடை, இந்தச் சாரிக் கடைசியில் எங்கள் கடை. அங்கே கைப்பிடி நிற்காமல் சுற்றியது. எங்கள் ரெகுலேட்டரிலும் வெள்ளையாகப் பனி படர்ந்துவிட்டது. நான் சிலிண்டரை மூடி, வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் சுற்றினேன்.

அக்கா கத்தினாள். “வாங்க வந்த ஆளு நிக்குது, நீ அதுக்கு ஒத்தடம் கொடுத்துக்கிட்டு இருக்கியா?”

“முள் ஆடுது. நில்லு.”

“நின்னா அவன் கடைக்குப் போயிடுவாங்கடா!”

“போகட்டும்.”

நான்கு பேர் போனார்கள். எண்ணினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. துணியை எடுத்து, முள் கோட்டில் நிற்பதைப் பார்த்து, மறுபடி கைப்பிடியைச் சுற்றச் சொன்ன கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சாரியில் டமாரென்று சத்தம். மச்சானின் மிஷின் பெட்டிக்குள் ஆறு பாட்டில்களும் ஒன்றாக வெடித்துப் போயிருந்தன. பெட்டி தடித்த இரும்பு என்பதால் ஒருவருக்கும் காயம் இல்லை. உறைந்து அடைத்த ரெகுலேட்டர் திடீரென்று விட்டிருக்கிறது. எவ்வளவு விட்டது என்று காட்ட அவனிடம் முள் இல்லை. அவன் கடையை மூடினான். நான் சந்தோஷப்பட்டேனா? பட்டேன். அதை மறைக்க இந்த வயதில் எனக்கு என்ன அவசியம்?

பண்ணையார் விருந்தாளிகளோடு பந்தலில் உட்கார்ந்திருந்தார். காரியக்காரர் வேர்த்து வடிய எங்களிடம் வந்தார். இந்த முறை சைக்கிள் இல்லை.

“நாலு டஜன் பந்தலுக்கு அனுப்பு.”

“அனுப்பறேங்க,” என்றாள் அக்கா.

அவர் ஒரு பாட்டிலை எடுத்துக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அதிலும் ஒன்றும் இல்லை.

“இதுல உங்க தெருவுல வாய் வைக்காதது எது?”

“கணக்கெல்லாம் என் தம்பிதாங்க. சாப்பிட்ட பருக்கையக்கூட எண்ணுவான். அவனைக் கேளுங்க.”

“என்னடா படிச்சவனே, சொல்லு.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

“மொத்தம் நூத்தி நாப்பத்தொண்ணு. ஒண்ணுலயும் விரிசல் கிடையாது. ஒண்ணும் வெடிச்சது கிடையாது. யார் யார் வாய் வச்சாங்கன்னு நான் எண்ணல. எண்ணவும் மாட்டேன்.”

பந்தலிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கையில் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல வெயில். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கோலி உள்ளே விழுந்த சத்தம் தேரடி வரை கேட்டிருக்கும். காஸ் சரியாகத்தான் இருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நான்கு டஜனையும் தூக்க ஆட்களைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் அந்த நாற்பத்தெட்டும் பந்தலிலிருந்து திரும்பி வந்தன. குறையாமல் வந்தனவா என்று மட்டும் எண்ணிப் பார்த்தேன். அக்கா அவற்றை எங்கள் தெருவில் குடித்த பாட்டில்களோடு ஒரே தொட்டியில் போட்டு, கையைவிட்டு நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் கழுவ ஆரம்பித்தாள்.