காக்கா சண்டைப் பாட்டு

சிட்டிபாபு அண்ணன் என்னை நம்பிக் கொடுத்தது ஒரே ஒரு கேசட். அதில் இருந்த அவர் மனைவியின் குரலைத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். தெரிந்து செய்யவில்லை, தொழில் தெரியும் என்கிற திமிரில் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

என் பேர் இம்தியாஸ். சின்ன காஞ்சிபுரத்தில் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால், பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கேசட்டில் பதிந்து கொடுத்தேன். பிறகு சிடி, அதற்கப்புறம் மெமரி கார்டு. இப்போது ஏனாத்தூர் போகிற காலேஜ் பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட். கூடவே கரோக்கி வேலையும் உண்டு. சர்ச்சுக்கும் கல்யாண மேடைக்கும் பாட்டிலிருந்து குரலை நீக்கி, வாத்தியத்தை மட்டும் எடுத்துத் தருவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பேர் இருக்கிறது, அந்தப் பேர்தான் கெடுத்தது.

அண்ணன் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். விடியற்காலையில் நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். தெருமுனைக் குழிக்குள் வால்வைத் திருகிக்கொண்டே விசில் அடிப்பார். அந்த விசில் கேட்டால்தான் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். எந்தச் சினிமாப் பாட்டிலும் சேராத மெட்டு அது. மேலே ஏறப்போகிறது என்று நினைத்தால் நடுவில் திரும்பி வேறு எங்கேயோ போய் இறங்கும். அது ஜாஸ் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மனுஷனுக்குப் பல் சரியில்லை என்று நினைத்தவர்கள்கூட உண்டு.

பத்தொன்பது வயதில் மெட்ராஸில் ஒரு பெரிய ஹோட்டலில் தட்டு கழுவினாராம். அங்கே சாயங்காலமானால் ஒருவர் சாக்ஸபோன் வாசிப்பார். சமையற்கட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு துண்டு கேட்கும். கதவு மூடினால் நின்றுபோகும்.

"ஒரு வருஷம் துண்டு துண்டாவே கேட்டேன் பா. முழுசா எப்படித்தான் இருக்கும்னு பாக்கணும்னுதான் ரெக்கார்டு வாங்க ஆரம்பிச்சேன்" என்பார்.

மூர் மார்க்கெட்டில் பழைய ரெக்கார்டுகள் ஏழு வாங்கினார். பாதிக்கு அட்டை கிடையாது, மீதிக்கு லேபிள் கிழிந்திருந்தது. வாசித்தவர்கள் யாரென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நீல லேபிள்காரர், மூச்சுக்காரர், கோவக்காரர் என்று அவரே பேர் வைத்துக்கொண்டார். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தால் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவர்களைப் பற்றிப் பேசுவார்.

"மூச்சுக்காரருக்கு நெஞ்சுச்சளி இருக்குது பா. ஊதறதுக்கு முன்னால இழுக்கறாரு பாரு, அது கேக்குது. நம்ம பெருமாள் பொறப்பாட்டுல நாதஸ்வரக்காரரு மண்டபத்தாண்ட நின்னு வாசிப்பாரே, அதேதான் இதுவும். நின்ன எடத்துல இன்னா தோணுதோ அது. நாளைக்கு அதே எடத்துல நின்னாலும் அது வராது."

எனக்கு அந்தச் சங்கீதம் சுத்தமாகப் பிடிக்காது. அச்சு அசலாக வராத பாட்டு ஒரு பாட்டா என்று சண்டை போடுவேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒருநாள் ஒரு ரெக்கார்டைப் பற்றிச் சொன்னார். ஏதோ ஹாலில் ஆட்களை உட்கார வைத்து வாசித்தது போலிருக்கிறது. நடுவில் யாரோ ஒருவன் இருமுவானாம்.

"வாசிக்கிறவரு பேரு எனக்குத் தெரியாது. இருமுறவனை எனக்கு நல்லாத் தெரியும். வாசிச்சவரும் போயிட்டாரு, இவனும் போயிருப்பான். இருமல் மட்டும் இருக்குது பாத்தியா. அதை எடுத்துட்டா அந்த ரெக்கார்டு செத்துப்பூடும் பா."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் மெஷினைத் தட்டிக்கொண்டே உம் கொட்டினேன்.

அவர் மனைவி மேரியக்கா தறிக்காரர் வீடுகளுக்குப் பட்டு நூல் சுற்றப் போய்க்கொண்டிருந்தவர். கடைக்கு ஒருமுறைதான் வந்திருக்கிறார். "பாய், இந்தாளுக்கு அந்தக் காக்கா சண்டைப் பாட்டு எதையும் குடுத்துடாத. வீட்ல காது வலிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அக்கா அதற்கு வைத்த பேர் அதுதான். அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றார்.

ரெக்கார்டுகள் ஏழும் இரண்டாயிரத்துப் பதினைந்து மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் ஊறிப்போயின. ரெக்கார்டு ஓட்டுகிற பெட்டியும் போயிற்று. பரண்மேல் இருந்த ஒரு கேசட் மட்டும் பிழைத்தது. தொண்ணூற்று நாலில் யாரிடமோ டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி, ரெக்கார்டு ஓடுகிற ஸ்பீக்கர் முன்னால் வைத்துப் பதிந்தது. போன தை மாதம் மேரியக்கா இறந்துபோனார். ஆடியில் ஒருநாள் காலை அண்ணன் அந்தக் கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"பாய், இதை பென் டிரைவ்ல ஏத்திக் குடு. இருக்கிற மாதிரியே ஏத்து."

"இரைச்சலா இருக்கும்ணா. க்ளீன் பண்ணித் தரேன்."

"வேணாம்பா. இருக்கிற மாதிரியே."

அவ்வளவுதான் சொன்னார். அதில் பெண்டாட்டி குரல் இருக்கிறது என்று இன்னொரு ஆண்பிள்ளையிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். ஏன் என்று நான் கேட்டிருக்கலாம். இருக்கிற மாதிரியே வேண்டும் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்; மறுநாள் அவர்களேதான் இரைச்சலாக இருக்கிறதே என்று சண்டைக்கு வருவார்கள்.

கேசட்டை ஓடவிட்டுவிட்டு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பெண்பிள்ளை மண்ணெண்ணெய் என்று ஏதோ கத்தியது காதில் விழுந்தது. வீட்டுச் சத்தம் என்று விட்டுவிட்டேன். முடியப்போகும் நேரத்தில் டேப் ரோலரில் சுற்றிக்கொண்டது. இழுத்தால் பொடிப்பொடியாக வந்தது. கத்தரித்து எடுத்து, இனி ஓடாது என்று கேசட்டோடு குப்பையில் போட்டேன். கம்ப்யூட்டரில் ஏறியதைக் கரோக்கிக்குப் போடுகிற மாதிரியே போட்டு, குரல் தனி வாத்தியம் தனி என்று பிரித்து, வாத்தியத்தைப் பென் டிரைவில் ஏற்றினேன். சனிக்கிழமை வழக்கம்போல மற்ற ஃபைல்களை எல்லாம் அழித்தேன். உண்மையைச் சொன்னால், என் வேலையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை அண்ணன் வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கால் தாளம் போட்டது. பிறகு நின்றது. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். பின்னால் தள்ளிப் போடச் சொன்னார். மறுபடியும் தள்ளச் சொன்னார்.

"பாய், இதுல மேரி இருந்தாளே."

எனக்குப் புரியவில்லை.

"மண்ணெண்ணெய் வாங்கச் சொல்லுவா. நீல லேபிள்காரரு ரெண்டாவது தபா மேல ஏறும்போது வருவா. காணோம்."

மண்ணெண்ணெய் என்று கத்திய குரல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேசட் எங்கே என்று கேட்டார். குப்பையில் போனதைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, மேசைமேல் வைத்தார்.

"ஃபோட்டோ இருக்குது. போன்ல பேசினதை எவன் பா ரெக்கார்டு பண்ணான். இவ இப்படிப் போயிடுவானு தெரியுமா. அது ஒண்ணுலதான் அவ பேசிக்கினு இருந்தா" என்றார்.

யா அல்லா, அந்த மனிதர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தேன். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்கள். பார்த்த ஃபோல்டரையே மறுபடி மறுபடி திறந்தேன். ஜெராக்ஸ் கேட்டு வந்த ஒரு பெண்ணைக் காரணமில்லாமல் விரட்டினேன். அண்ணன் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில், அந்தப் பிரிக்கிற சாஃப்ட்வேர் தன் வேலைக்கென்று வைத்திருக்கிற ஒரு ஃபோல்டரில் அது கிடந்தது. நான் எட்டிக்கூடப் பார்க்காத இடம். வாத்தியம் போக மீதி, குரல் மட்டும் உள்ள ஃபைல்.

"அண்ணா, கிடைச்சிடுச்சு. ஆனா இதுல பாட்டு இருக்காது. அக்கா குரல் மட்டும்தான்."

"போடு" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. சாக்ஸபோனையும் குரல் என்று நினைத்து சாஃப்ட்வேர் இழுத்து வந்திருந்த கிழிசல்கள் அங்கங்கே வந்தன. ஒரு தட்டு வைக்கிற சத்தம். அப்புறம் மேரியக்கா, முப்பது வயதுக் குரலில்:

"இன்னாயா, மண்ணெண்ணெய் ஊத்தறாங்களாம், கேன் எடுத்துனு போ. காக்கா சண்டையை அப்பறம் கேளு."

"இரு மே, முடியட்டும்." இது அண்ணன்.

அவர் தலையை ஆட்டினார். கேசட்டில் அக்கா பேசியதாக அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நிறுத்தப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

யாரோ முனகினார்கள். மெட்டு எனக்கே தெரிந்தது, விடியற்காலைக் குழாயடி விசில். ஏறி, நடுவில் திரும்பி, வேறெங்கோ இறங்கியது. திரும்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திரும்பியது. சாக்ஸபோன் உரக்க அழுத்திய இடம் அது. முப்பது வருஷமாக அந்தச் சத்தம் அதை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. பாடியது மேரியக்கா.

அண்ணன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கடைசிவரை கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழியவிட்டார். முடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது சுத்துல தாளத்தை விட்டுட்டா" என்றார்.

தனியாகவே பென் டிரைவில் ஏற்றித் தரட்டுமா, இல்லை வாத்தியத்தோடு பழையபடி சேர்த்துவிடட்டுமா என்று கேட்டேன். சேர்த்தால் அக்கா பாடுவது மறுபடியும் கேட்காது என்றும் சொன்னேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று இருந்தது.

அண்ணன் கைக்குட்டையை எடுத்து மடித்தார்.

"சேத்தே குடு பாய். கேக்கலைன்னா இன்னா, உள்ள இருக்கிறா இல்ல."