மீற்றர் பாக்க வந்திருக்கிறன்

மின்சார மீற்றர் பார்க்கிறவன் எழுதுவது வெறும் இலக்கம். பேச்சு வாங்குவது மட்டும் முழுப் பில்லுக்கும். பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முழிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: என் வீட்டுப் பில்லைப் பார்த்து நானும் அப்படித்தான் முழிக்கிறேன்.

சின்ன பல்ப்

கோப்பாயில் ஒரு பென்சன்கார ஐயா. பில்லுக்குப் பயந்து எல்லா பல்பையும் கழற்றிச் சின்னதாகப் போட்டுவிட்டார். சமைக்கிற குசினியில்கூட ஆள் முகம் தெரியாது. "அப்பிடியிருந்தும் ஏன் குறையேல்லை?" என்று கேற்றடியில் மறித்தார். சூடாக்கிற சாமான்தான் கறன்றைக் குடிக்கும், அயன்பெட்டி, கேத்தில் மாதிரி, என்றேன். குளிக்கிற தண்ணியையும் கேத்திலில்தான் சுடவைக்கிறாராம். ஒரு வாளி நிரம்பும்வரை திரும்பத் திரும்பப் போடுவாராம். நான் தலையில் கைவைத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கேத்தில் பகலிலைதானே போடுறன்! வெளிச்சத்துக்குத்தானே தம்பி கறன்ற்?"

ஒரே ஒரு யுனிற்

உரும்பிராயில் ஒரு அக்கா மோட்டர் மெசினில் பள்ளிக்கூடச் சட்டை தைத்துப் பிள்ளைகளை வளர்க்கிறார். அந்த மாதம் கொஞ்சம்தான் கூடத் தைத்தார், பில் எகிறிவிட்டது. குந்தியிருந்து மண்ணில் படிக்கட்டுக் கீறிக் காட்டினேன். யுனிற் கூடக்கூட விலை படிபடியாக ஏறும், படியைத் தாண்டினால் மாதாமாதம் வரும் நிலைக் கட்டணமும் ஏறும், நீங்கள் தாண்டியது ஒரே ஒரு யுனிற், என்றேன்.

"அப்ப அந்தக் கடைசி யுனிற்றை எரிக்காட்டி?"

"இவ்வளவு வந்திராது அக்கா."

அவர் ஏசவில்லை. மெசினில் பாதியில் நின்ற சட்டையைப் பார்த்தார்.

"விளங்குது தம்பி. விளங்கினாப்போலை குறையுமோ?"

ஒட்சிசன் மெசின்

தெல்லிப்பழைப் பக்கம் ஒரு வீடு. புருஷனுக்கு நெஞ்சு வருத்தம். மூச்சுக்கு இரவு பகலாக ஒட்சிசன் மெசின் ஓடியது. மனுசி பிறிஜ்ஜை நிற்பாட்டி, தன் அறை ஃபானையும் நிற்பாட்டியிருந்தார். "இன்னும் எதை நிப்பாட்டலாம் தம்பி?" என்று கேட்டார். சுற்றிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது அந்த மெசின் ஒன்றுதான். பில்லைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் போனால், மீற்றர் பெரிதாக அசையவேயில்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோசம். "அக்கா, நல்லாக் குறைஞ்சிட்டுது!" என்று முற்றத்தில் நின்றே கத்தினேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், புருஷனின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தது.

"ஓம் தம்பி, இனிக் குறைவாத்தான் வரும்."

இலக்கம் எழுதத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பதில் சொல்லத்தான் என்றிருந்தால் முதல் மாதமே வேலையை விட்டு ஓடியிருப்பேன்.