எழுதாமல் விட்ட நன்றி

பரானா ஆற்றங்கரைத் துறைமுக ஊரான சாந்தா ரீத்தாவின் போலீஸ் புலனாய்வுப் பிரிவில் இலாரியோ புஸ்தின்கோரி எழுத்தராகச் சேர்ந்தது 1971 ஏப்ரல் 12, திங்கட்கிழமை. விசாரணை அறையில் பேசப்படுவதைத் தட்டச்சு செய்வது அவர் வேலை. மற்ற எழுத்தர்கள் பேச்சின் சாரத்தை எழுதுவார்கள். இலாரியோ எதையும் விடமாட்டார். சாட்சி இருமினால் 'இருமினார்' என்று இருக்கும். அழுதால் எத்தனை நிமிடம் என்று இருக்கும். அவருடைய தாள்களை இரண்டு நீதிபதிகள் வெளியூர் எழுத்தர்களுக்கு மாதிரியாக அனுப்பியிருக்கிறார்கள். 1977-லிருந்து, பதினாறு ஆண்டுகளாக, அந்தத் தாள்களில் கேள்வி கேட்டவர் பெயர் ஒன்றுதான்: துப்பறியும் அதிகாரி ரொஹேலியோ அன்சால்தி.

அன்சால்தி கேட்பார். இலாரியோ தட்டுவார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் கெட்டிலைச் சாய்த்து மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீரை ஊற்றித் தருவதும் இலாரியோதான். சுரைக்குடுவை ஒன்று, உறிஞ்சும் குழல் ஒன்று, கொலைகாரனானாலும் சாட்சியானாலும் அதே குடுவைதான். குடித்தவர் பேசாமல் திருப்பித் தரவேண்டும். 'நன்றி' என்று சொன்னால் இனி வேண்டாம் என்று அர்த்தம். குடுவை அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போய்விடும்.

1993 மார்ச் 8 அன்று மிர்னா எட்சார்ட் வந்தாள். முப்பத்துமூன்று வயது, உளவியல் படித்தவள். இனிமேல் கொலை வழக்குகளில் அன்சால்தியோடு இவளும் உட்கார வேண்டும் என்று தலைநகரிலிருந்து உத்தரவு. அவளுக்கு நாற்காலி போட இடமில்லாமல் இலாரியோவின் மேசை சுவரோரம் தள்ளப்பட்டது. கெட்டிலுக்குக் கை எட்டவில்லை.

"நீங்க தட்டுங்க, நான் ஊத்தறேன்," என்றாள் மிர்னா.

"அப்பாடா! குண்டன் ஊத்தினா பாதி மேசைக்குத்தான்," என்று இலாரியோவைக் காட்டி அன்சால்தி சிரித்தார்.

அந்தச் சிரிப்பை இலாரியோ வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுவாரம் காரில் அன்சால்தியின் பக்கத்து இருக்கை மிர்னாவுக்கு, அவருக்குப் பின்னிருக்கை. ஆற்றில் பிணமாகக் கிடைத்த மாலுமியின் வழக்கு முடிந்தபோது, உள்ளூர்ப் பத்திரிகை 'துப்பறிபவரும் மனமறிபவளும்' என்று தலைப்புப் போட்டு இருவரையும் படம் பிடித்தது. படத்தின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அது இலாரியோவுடையது.

"அதையே எத்தனை தடவ பாப்ப?" என்று கேட்டாள் மனைவி தெல்பீனா.

"அவ கேக்கற கேள்விய நான் எழுபத்தெட்டுலயே சொன்னேன். அன்னைக்கு அவன் காதுலயே வாங்கல. இன்னைக்கு அவ சொன்னா, 'ஆகா, மிர்னா!'ங்கறான்."

"நீ என்ன, அவனக் கட்டிக்கிட்டவளா? பதினாறு வருஷத்துல எம் பக்கத்துல ஒருத்தன் வந்து உக்காந்திருந்தா நீ இப்படித் துடிச்சிருப்பியா? போய்ச் சாப்பிடு, எம்பனாதா ஆறுது."

ஏப்ரல் நடுவில் படகுப் பட்டறைக்காரர் அபெலார்தோ கிரோஸ் தன் பட்டறையில் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். முன்கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. பின்கதவை யாரோ வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பூட்டுக்கு ஒரே சாவிதான், அது வீட்டு வேலை செய்யும் கசில்தாவிடம் என்று எல்லோரும் சொன்னார்கள். இருபதாம் தேதி, செவ்வாய் பிற்பகல், செத்தவரின் அண்ணன் மகன் நசரேனோ விசாரணைக்கு வந்தான். வாயாடி. மூட்டை அவிழ்ந்ததுபோல் பேச்சு கொட்டியது. மிர்னா ஊற்றிக் கொடுத்த குடுவைகளை வரிசையாகக் காலி செய்தான். ஆறாவது அவன் கையில் இருந்தபோது அன்சால்தி கேட்டார்.

"பின்கதவுக்கு இன்னொரு சாவி எங்கயாவது இருக்குமாப்பா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றான் நசரேனோ. குடுவையை நீட்டி, "நன்றி," என்றான்.

கெட்டிலில் பாதிக்கு மேல் சுடுதண்ணீர் இருந்தது. இலாரியோவின் விரல்கள் பழக்கத்தில் உயர்ந்தன. அந்த நேரம் அன்சால்தி, நன்றியைக் காதில் வாங்காமல், 'எனக்கென்ன தெரியும்' என்ற பதிலுக்காக மிர்னாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். முன்பெல்லாம் அந்தக் கண்சிமிட்டல் இலாரியோவுக்கு வரும். அவள் ஊற்றும் மாத்தேயை நான் ஏன் எழுத வேண்டும் என்று தோன்றியது. விரல்கள் இறங்கின. அடுத்த கேள்வியிலிருந்து தட்டினார்.

மறுநாள் காலை மிர்னா பிறைரொட்டியைக் கடித்தபடி சொன்னாள்: "நசரேனோ 'நன்றி' சொன்னான் இல்ல? சாவியப் பத்திக் கேட்டதும் சொன்னானா, கடைசியில எழுந்திருக்கறப்போ சொன்னானா? சாவிக்கு அப்புறம்னா, அவன் மாத்தே வேணாம்னு சொல்லல. கேள்வி வேணாம்னு சொல்லியிருக்கான்."

"குண்டன் எழுதியிருப்பான். அவன் தும்மலக்கூட விடமாட்டான்," என்றார் அன்சால்தி.

இலாரியோ தாளை எடுத்துக் கொடுத்தார். "அப்படி எதுவும் இல்ல."

"சொல்லவே இல்லையா?" என்றாள் மிர்னா.

"சொல்லியிருந்தா எழுதியிருப்பேன்."

தர்க்கம் செய்வாள் என்று எதிர்பார்த்தார். அதற்குத் தேவையான சொற்களையும் தயாராக வைத்திருந்தார். அவள் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "அவர் எழுதலைன்னா நடக்கல. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன் போல," என்றாள். அன்சால்தி முகம் சுருங்கியது. இலாரியோவுக்கு உள்ளுக்குள் இனித்தது. மதியம்வரை இனித்தது.

மதியம் கசில்தாவைக் கூட்டிவந்தார்கள். அறுபது வயது, கையில் சோப்பு வெடிப்பு. சாவி அவளிடம்தான் இருந்தது, வேறு சாவி இல்லை. ஆகவே அவளைக் காவலில் வைக்க நீதிபதியிடம் கேட்கப்போகிறார்கள். வாக்குமூலத்தின் அடியில் கைநாட்டு வைக்கத் தாளைத் திருப்பினார் இலாரியோ.

"எனக்குப் படிக்கத் தெரியாதுய்யா. நான் சொன்னதெல்லாம் இதுல இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"உங்களப் பத்தி மீன் சந்தையிலகூடச் சொல்வாங்க. ஒரு எழுத்து பிசகாதாமே."

மைப்பெட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்தார். அன்சால்தியின் அறைக் கதவைத் தட்டினார். மிர்னாவும் உள்ளே இருந்தாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தால் அப்படி ஒரு நேரமே இப்போதெல்லாம் இல்லை.

"நசரேனோ நன்றி சொன்னான்," என்றார். "சாவிக் கேள்விக்கு அடுத்து. நாலு மணி நாப்பத்திரண்டு நிமிஷம். ஆறாவது குடுவை. நான் எழுதல."

"எழுதலையா? நீயா?" அன்சால்தி எழுந்தேவிட்டார். "காலையில எம் மொகத்தப் பாத்து இல்லேன்ன?"

"ஆமா."

ஏன் எழுதவில்லை என்று மிர்னா கேட்கவில்லை. பொறாமையை அவள் தொழில்முறையில் கண்டுபிடித்திருப்பாள், மார்ச்சிலேயே கண்டுபிடித்திருப்பாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்காக அவளை இன்னும் வெறுத்தார். பிறகு மேசைக்குப் போய், தேதியும் நேரமும் போட்டு, பிற்சேர்க்கை ஒன்றைத் தட்டிக் கையெழுத்திட்டார்.

கசில்தாவை அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். நசரேனோவின் படகைச் சோதித்தபோது எஞ்சின் பெட்டிக்குள், கிரீஸ் தடவிய துணியில், இரண்டாவது சாவி கிடைத்தது.

வழக்கு செப்டம்பரில் நீதிமன்றத்துக்கு வந்தது. நசரேனோவின் வக்கீல் அந்தப் பிற்சேர்க்கையைத்தான் பிடித்துக்கொள்வார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் கழித்துச் சேர்த்த சொல், ஆகவே போலீஸ் இட்டுக்கட்டியது, ஆகவே சோதனையே செல்லாது என்பார். முந்தின நாள் அன்சால்தி இலாரியோவை மாடிப்படியில் நிறுத்தினார்.

"மறந்துட்டேன்னு சொல்லு, குண்டா. அம்பத்தாறு வயசு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நான் மறந்ததில்ல. மறக்கறவன்னு ஒத்துக்கிட்டா, நாப்பத்திரண்டாவது நிமிஷம்னு நான் சொல்றத யாரு நம்புவா?"

கூண்டில் வக்கீல் கேட்டார்: "இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சொல் விடாதவர் அன்றைக்கு மட்டும் ஏன் விட்டீர்கள்?"

"பொறாமையால."

"எதன் மேல்?"

"எதன் மேலயும் இல்ல. அந்தம்மா மேல." முதல் வரிசையில் இருந்த மிர்னாவைக் காட்டினார். "எனக்குக் கெடைக்க வேண்டியது அவங்களுக்குக் கெடைச்சுது. அவங்க ஊத்தின மாத்தேய எழுத மனசு வரல. அது உண்மை. அவன் நன்றி சொன்னதும் உண்மை."

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் தெல்பீனா முகத்தைக் கைப்பையால் மறைத்துக்கொண்டாள். நீதிபதி சிரிக்கவில்லை. தன்னை இவ்வளவு அசிங்கப்படுத்திக்கொள்ள ஒருவன் பொய் சொல்வானா என்று வக்கீலையே கேட்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நசரேனோவுக்குப் பதினெட்டு ஆண்டு சிறை.

"இனிமே உன்ன என் அறையில வெச்சுக்க முடியாது," என்றார் அன்சால்தி, வாசலில். "ஒவ்வொரு வழக்குலயும் வக்கீலுங்க இதையே கேப்பானுங்க."

"தெரியும்."

நவம்பர் 2 முதல் இலாரியோ முற்றத்துக்கு அந்தப் பக்கம், வாகன விபத்துப் பதிவில் உட்கார்ந்தார். லாரி எண்கள், பிரேக் தடத்தின் நீளம். வேலை மோசமில்லை. இரண்டு ஆண்டு கழித்து மிர்னாவுக்குத் தலைநகருக்கு மாற்றல் வந்தது. செய்தி கேட்ட அன்று அவர் வீட்டுக்கு ஒரு புட்டி வைன் வாங்கிப்போனார். வெள்ளிக்கிழமை அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்சால்தி முற்றத்தைக் கடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அன்சால்தி பேருந்து நிலையம்வரை போய், பேருந்து கிளம்பும்வரை நின்று, சிவந்த கண்ணோடு திரும்பினாராம்.

இலாரியோவை மாற்றிய அன்று அன்சால்தி அந்த முற்றத்தின் பாதிவரைகூட வரவில்லை. வைன் புட்டியில் மீதி இருந்ததைத் தெல்பீனா சமையலுக்கு எடுத்துக்கொண்டாள்.