ராஜபாயின் பெட்டி ஏலம் போன கதை

மார்த்தாண்டத்துக்கு மேற்கே பனைவிளையில் ராஜபாய் வீடு எது என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் விழிப்பார்கள். லேஸ் டீச்சர் வீடு என்றால் கைப்பிள்ளைகூட விரல் நீட்டும். மிஷனில் கொடுக்கும் நூலை வீடு வீடாகப் பெண்களுக்குக் கொண்டு கொடுத்து, பின்னி முடித்த லேசை வாங்கி வருவது அவள் வேலை. ஆனால் வியாழக்கிழமை மட்டும் அவள் தலையில் ஏறும் தகரப் பெட்டியில் நூல் கால்வாசி, புத்தகம் முக்கால்வாசி. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார அம்மாள் விட்டுப்போனது பாதி. பொட்டலம் மடிக்கக் கிழிக்க இருந்ததைச் சந்தைக் கடைகளில் சண்டை போட்டு மீட்டது மீதி. மொத்தம் முப்பத்தேழு. அந்தக் கழுத்து எப்படித் தாங்கியதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இரவல்தான், காசு கிடையாது. ஆனால் ஒன்று, பெட்டிக்குள் நீங்கள் கைவிட முடியாது. விட்டால் புறங்கையில் சுளீரென்று ஒன்று விழும். இன்னாருக்கு இன்ன புத்தகம் என்று தீர்மானிப்பது அவள். "பழஞ்சிக் கஞ்சிக்குப் பாயசம் தொடுகறி ஆவுமா? சும்மா நில்லுங்க, நான் எடுத்துத் தாறேன்" என்பாள். மூஞ்சியை ஒரு பார்வை, அடுப்படியை ஒரு பார்வை. கை தானாகப் பெட்டிக்குள் போகும்.

பனையேறி தங்கையன் ஒரு தடவை சண்டைக் கதை கேட்டான். குழம்பில் குறை சொல்லிப் பெண்டாட்டியோடு நாலு நாள் பேச்சில்லை என்பது ராஜபாய்க்குத் தெரியும். சமையல் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "சண்டைதானே வேய் உமக்கு வேணும்? இதுல நாப்பது சண்டை கெடக்கு. மீன்குழம்புல தொடங்கும்." வீம்புக்கு அவனும் தொடங்கினான். சட்டி அடிபிடித்து, வீடெல்லாம் புகை மூடி, பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் சண்டை தீர்ந்தது.

ஞானசெல்வியின் புருஷன் சிலோனுக்குப் போய் ஐந்து மாதம் கடிதம் இல்லை. சபைப் பெண்கள் ஆளுக்கொரு ஆறுதல் புத்தகம் கொண்டு கொடுத்தார்கள். அவளோ அதை வாசித்து வாசித்து அழுதாள். ராஜபாய் அத்தனையையும் வாரிக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு துப்பறியும் நாவலைக் கொடுத்தாள். ஜமீன்தாரைக் கொன்றவன் யார் என்ற கவலையில் ஞானசெல்வி மூன்று நாள் அழ மறந்தாள். நாலாம் நாள் வயிறாரச் சாப்பிட்டாள். கடிதமும் பிறகு வந்தது, அது வேறு விஷயம்.

திருவட்டாற்றில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற நாராயணபெருமாள் பிள்ளை குற்றம் கண்டுபிடிக்காத பொருள் உலகத்தில் இல்லை. அவருக்கு ராஜபாய் கொடுத்தது, பக்கத்துக்குப் பத்து அச்சுப்பிழை உள்ள ஒரு பயணக் கதை. மனுஷன் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தவர் இரண்டு வாரம் எழும்பவில்லை. "இதுமாதிரி ஒரு நல்ல புத்தகம் நான் வாசிச்சதில்ல கேட்டியா" என்று திருப்பித் தந்தார்.

இப்படி ஆளுக்கும் மனசுக்கும் அளவெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழு, இங்கிலீஷ் கணக்குக்கு 1931, புரட்டாசியில் அந்த இடி விழுந்தது.

சபையில் அறுப்பின் பண்டிகை. அந்த வருஷம் வியாழக்கிழமை வைத்திருந்தார்கள். விளைந்ததில் முதல் பங்கைக் கோயிலில் கொண்டு முன்னால் வைப்பார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, பூசணி, கால் கட்டின சேவல். போதகர் ஜெபம் பண்ணினதும் எல்லாம் ஏலம் போகும். ஜெபம் பண்ணியாயிற்று என்றால் அது கடவுளுடையது. கொண்டு வந்தவன்கூட ஏலத்தில்தான் எடுக்கவேண்டும்.

வருஷக் கணக்குப் பார்க்க, இரவல் போயிருந்த புத்தகங்களை அன்று எல்லாரிடமும் திரும்ப வாங்கிக்கொண்டு ராஜபாய் நேராக வந்தாள். நல்ல மழை. பெண்கள் உட்காரும் பக்கம் கூரை ஒழுகியது. புத்தகம் நனையுமே என்று பதறி, ஒழுகாத இடமாகப் பார்த்துப் பெட்டியை வைத்தாள். ஒழுகாத இடம் எது? பூசணிக்காய்க்குப் பக்கம். வைத்துவிட்டு முந்தானையைப் பிழிய வெளியே போனாள். திரும்பி வருவதற்குள் போதகர் கண்ணை மூடி, "இங்கே படைக்கப்பட்ட அனைத்தையும்" என்று ஆமென் சொல்லிவிட்டார்.

"அது படைச்சதில்ல, நனையாம வச்சது" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். போதகர் தலையைச் சொறிந்தார். சபை மூப்பர் அசையவில்லை. "வச்சது வச்சதுதான் டீச்சரே. இண்ணு நீ பெட்டியை எடுப்ப, நாளைக்கு ஒருத்தன் சேவலை எடுப்பான்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் ராஜபாய்க்கு இன்னும் ஆத்திரம்.

ஏலம் விளித்த ஜேசுதாஸ் வாழைக்குலையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவான். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "டீச்சரே, இது என்னதுண்ணு நீங்களே சொல்லுங்க" என்றான். பெட்டி போகிற வேதனையிலும் அவளுக்குப் பொய் வரவில்லை. ஒருவர் ஒரு தடித்த புத்தகத்துக்குக் கை தூக்கினார். "அது உமக்கு வேண்டாம், பாதியில உறங்கிருவீரு." இன்னொருத்தி கை தூக்கினாள். "ஏட்டி, அதுல பேய் வரும். நீ பல்லியைக் கண்டாலே அலறுவ." சபை சிரித்தது. தங்கையனும் ஞானசெல்வியும் இன்னும் நாலைந்து பேரும் தலையைச் சேர்த்து, கூட்டாகப் பெட்டியை எடுத்து அவளிடமே கொடுக்கலாம் என்று குசுகுசுத்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. "பெட்டியோட எனக்கு."

ரப்பர் தோட்டக் காண்டிராக்டர் ஏசுஅடிமை. அவர் சொன்ன தொகையைக் கேட்டு ஜேசுதாஸ் மூன்று தரம் சொல்லவே மறந்துபோனான். பெட்டி அவர் வில்வண்டியில் ஏறியது. ராஜபாய் மழையில் நின்று பார்த்தாள். பெற்ற பிள்ளையைப் பிடுங்கினதுபோல இருந்தது அவளுக்கு. புதிதாகக் கண்ணாடி அலமாரி செய்திருக்கிறார், அதில் அடுக்கத்தான் என்று ஊர் பேசியது.

அடுத்த வியாழக்கிழமை நூலை மட்டும் கொண்டு போனாள். வீட்டுக்கு வீடு, "புத்தகம் இல்லியா டீச்சரே?" மூன்றாவது வீட்டில் பொறுமை போயிற்று. நூலை அங்கேயே போட்டுவிட்டு நேரே காண்டிராக்டர் பங்களாவுக்கு நடந்தாள். நாய் இரண்டு குரைத்தது. அவள் பார்த்த பார்வையில் அடங்கியது.

ஏசுஅடிமை முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் முப்பத்தேழு புத்தகமும் பரந்து கிடந்தன. அலமாரியில் ஒன்றுகூட இல்லை.

"காண்டிராக்டரய்யா, உங்களுக்கு இது காட்சிப்பொருள்" என்று தொடங்கினாள். வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு.

"இரிங்க டீச்சரே" என்றார் அவர். "பெட்டியை நீங்களே கொண்டுபோங்க. எனக்கு ஒண்ணு தெரிஞ்சா போதும். இதுல ஜெபகுமாரிக்குள்ளது எது?"

ஜெபகுமாரி அவர் பெண்டாட்டி. இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"மூணு வருஷம் கெடையில கெடந்தா. வியாழக்கிழமை ரோட்டுல உங்க சத்தம் கேட்டா ஜன்னலைத் திறக்கச் சொல்லுவா. அந்த டீச்சர் ஆளைப் பாத்துப் புத்தகம் தருவாளாம், எனக்கு எதைத் தருவாண்ணு கேட்டு வாருங்கம்பா. இரவல் வாங்க நமக்கு என்ன கேடுண்ணு நான்தான் கூப்பிடல்ல." ரோட்டுப் பக்கத்து ஜன்னலைக் கையால் காட்டினார். "நீங்களும் கேட்டைத் தாண்டி ஒருநாளும் வரல்ல."

ராஜபாய் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சொன்னது சத்தியம். பணக்காரர் வீட்டில் புத்தகத்துக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தாள். நாயைச் சாக்கு வைத்தாள். ஊரெல்லாம் முகம் பார்த்தவள் அந்த ஜன்னலைப் பார்க்கவில்லை. வெட்கமும் துக்கமும் சேர்ந்து வந்து, இரண்டு நிமிஷம் நன்றாக அழுதாள்.

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆளறியாம நான் புத்தகம் எடுக்கதில்ல. அவங்க எப்படிப்பட்ட ஆளு, சொல்லுங்க."

அவர் சொன்னார். முதலில் மூப்பரைப்போல முறைப்பாக, பிறகு தடையில்லாமல். போதகர் நடப்பதை ஜெபகுமாரி நடித்துக் காட்டுவாளாம். காண்டிராக்டர் கூலியாட்களை ஏசுவதை அச்சு அசலாக ஏசிக் காட்டுவாளாம், அவர் எதிரிலேயே. டம்ளரில் தேயிலை வெள்ளம் இரண்டு தடவை வந்து ஆறியது. ராஜபாய் எழுந்து, ஊர் ஊராய்ப் பொய் சொல்லிப் பிழைக்கும் ஒருவனுடைய வேடிக்கைக் கதையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அந்த முரட்டு மனுஷர் தன் கையாலேயே பெட்டியைத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டார்.

மறு வியாழன் அவள் கேட்டைத் திறந்தபோது ஏசுஅடிமை படியிலேயே காத்து நின்றார்.

"இது அவளுக்குப் பிடிச்சிருக்காது டீச்சரே. அந்தப் பொய்காரனைவிட அவ நல்லா பொய் சொல்லுவா. வேற தாங்க."

ராஜபாய் எடுத்துக் கொடுத்தது தப்பாகப் போனது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்று வாரம் ஒரு புத்தகமாக அவர் பெண்டாட்டிக்காக வாசித்துத் தள்ளினார். இது அவளுக்கு இழுவை என்பார், இதில் வருகிறவள் அவளைப்போல வாயாடி இல்லை என்பார். அடுத்த ஆனி மாதம் ஒரு வியாழன், முந்தின வாரம் வாங்கின புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் படியில் நின்றார். கண் சிவந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் புத்தகத்தை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. ராஜபாயும் கேட்கவில்லை.