வராமல் போன எச்சரிக்கை

அடையாறில் இருந்த அந்தத் தனியார் ரத்த வங்கியில் கம்ப்யூட்டர் என்றால் ஜெயபாரதிதான். கொடையாளர்கள், ரத்தப் பைகள், எந்தப் பை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது என்பதையெல்லாம் ஒரே டேட்டாபேஸ் கோப்பில் அவளே கட்டி வைத்திருந்தாள். 1998 மழைக்காலத்தில் தி. நகரில் கிளை திறக்க ஏற்பாடாயிற்று. அங்கே யாரும் கைவைத்துக் கெடுக்காதபடி கோப்பைக் கம்பைல் செய்து பூட்டித் தரச் சொன்னார் வங்கியை நடத்திய டாக்டர் சுந்தரவல்லி.

காலையிலிருந்து அது மசியவில்லை. டிஸ்க் கரகரவென்று இரையும்; கடைசியில் 'உருவாக்க முடியவில்லை' என்று ஒரு வரி வரும். காரணம் சொல்லாது. கோப்பைச் சுருக்கிப் பார்த்தாள். பிரதி எடுத்து, திரையில் விவரம் நிரப்பும் படிவங்களில் பாதியை நீக்கிப் பார்த்தாள். பிறகு, முன்கூட்டி அறிவிக்காத பெயர் எதையும் ஏற்காதே என்ற கட்டளையை ஒவ்வொரு படிவத்திலும் சேர்த்து ஓட்டினாள். ஒரு வரியில் போய் நின்றது.

அவள் தேடிய கோளாறு அதுவல்ல. அதைவிட மோசமானது.

காலாவதியான பையை எடுத்தால் திரையில் சிவப்பு எச்சரிக்கை வர வேண்டும். அதற்கான வரி அது. போன வாரம் அவளே திருத்தியது. காலாவதித் தேதிக்கு நிரலில் வைத்த பெயரில் எழுத்து இடம் மாறியிருந்தது. நிரல் அதை வெறும் காலியிடம் என்று எடுத்துக்கொண்டு வாயைத் திறக்காமலே இருந்திருக்கிறது.

போன வாரத்திலிருந்து காலாவதியாகி வெளியே போன பை உண்டா என்று தேடினாள். ஒன்று இருந்தது. இன்று காலை, மந்தைவெளியில் ஒரு நர்சிங் ஹோமுக்கு.

"நான்தாம்மா குடுத்தேன்," என்றார் டெக்னீஷியன் இனாயத். முகம் வெளுத்துவிட்டது. "சிவப்பு வரலையேன்னு பையில இருந்த சீட்டைப் பார்க்கல."

போன் செய்தாள். மழையில் அந்தப் பக்கத்து லைன் செத்துக் கிடந்தது.

"பாய், டாக்டர்கிட்ட சொல்லிட்டு உடனே நல்ல பை ஒண்ணு அனுப்புங்க. நான் போறேன்."

"பாலத்தாண்ட ஒரே தண்ணி கீது மேடம்," என்றார் அவள் வாசலில் கைகாட்டி நிறுத்திய ஆட்டோக்காரர்.

"எப்படியாவது போங்க. ஒரு உயிர்."

அவர் வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் ஜெயபாரதியின் கண்ணுக்குள் ஒரு குழாய். அதில் சொட்டுச் சொட்டாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

நர்சிங் ஹோமில் படியேறி வார்டுக்குள் ஓடினாள். பை ஸ்டாண்டில் தொங்கியது. நர்ஸ் செண்பகம் குழாயைக் கையில் பிடித்திருந்தாள்.

"சிஸ்டர், ஏத்தாதீங்க!"

"இப்பத்தான் மாட்டப் போறேன். ஏன்?"

கட்டிலில் படுத்திருந்தவள் பிள்ளை பெற்று ஒரு நாள்கூட ஆகவில்லை. "என்னக்கா ஆச்சு?" என்றாள் பயந்துபோய்.

"ஒண்ணுமில்லம்மா. வேற பை வந்துட்டிருக்கு," என்ற ஜெயபாரதி, பையின் சீட்டில் இருந்த தேதியை நர்ஸிடம் காட்டினாள்.

திரும்பி வந்து டாக்டரிடம் ஒன்றும் விடாமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் வரியைத் திருத்தினாள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் திணித்ததைத்தான் அது தாங்கவில்லை; தகவல்களை ஒரு கோப்பிலும் படிவங்களை இன்னொன்றிலும் பிரித்து வைத்ததும் கம்பைல் ஆனது. பழைய பை ஒன்றின் எண்ணைத் தட்டினாள், சிவப்பு வந்தது. நம்பாமல் இன்னொன்றைத் தட்டினாள். அதற்கும் வந்தது.

தி. நகர்க் கிளையிலிருந்து முதல் பை வெளியே போன அன்று, போன் அடிக்கும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.